காம்பில் விட்ட இலை

கொக்கு என்ற பேரைத் தங்கை முதன்முதலில் கேட்டது ஒரு சாயங்காலம், அக்கா வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. அக்காவுக்கு ஆப்பிள் தோட்டத்தில், பெட்டிக் கொட்டகையில் வேலை. பறித்து வருகிற பழத்தை நிறம் பார்த்துப் பிரித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

“எங்க தோட்டத்துல கொக்குன்னு ஒருத்தன் இருக்கான்டி. ஏணி போடாமலே மேல் கொப்புல பறிக்கிறான். உனக்குப் பார்க்கட்டுமா?”

“கொக்கையா?”

“பத்திரிகையில அப்படிப் போட மாட்டோம், பயப்படாதே.”

பத்திரிகையில் போட்ட பேரை அதற்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெற்றவளே “சின்னவனே” என்றுதான் கூப்பிடுவாள். பெரியவன் என்று ஒருத்தன் பிறந்து, பேர் வைக்கும் முன்பே போய்விட்டான். கொக்குடைய அப்பாவும் அக்கா புருஷனுடைய சித்தப்பாவும் ஒரே மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். அந்த வழியாகத்தான் பேச்சு நகர்ந்து, இரண்டு வீட்டிலும் சரி என்று சொல்லி, கல்யாணமும் ஆனது.

தோட்டத்துக்குப் பின்பக்கம் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அறைக்கு நடுவில் கயிறு கட்டித் திரை போட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் கட்டில். மாமியார் இருமினால் இந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். அடுப்பு ஜன்னலுக்குக் கீழே. தண்ணீர்க் குழாய் வெளியே, அந்த வரிசைக்கே பொதுவாக ஒன்று. காலையில் குடத்தை வைத்து இடம் பிடிக்காவிட்டால் முகம் கழுவ மத்தியானம் ஆகும். ஆளைப் பொறுத்தவரை தங்கைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிகம் பேச மாட்டார், குடிக்க மாட்டார். பழம் பறிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அத்தானே, அதாவது அக்கா புருஷனே, நாலு பேர் முன்னால் சொல்லுவார்.

அப்போதெல்லாம் அந்தத் தோட்டத்தில் பழத்துக்குப் பை கட்டும் வழக்கம். காய் சுண்டைக்காய்க்குக் கொஞ்சம் பெரிசாக இருக்கும்போதே, ஒவ்வொன்றுக்கும் தாள்பை மாட்டிக் காம்போடு முறுக்கிவிடுவார்கள். உள்ளே வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லாவிட்டால் தோலில் பச்சையும் ஏறாது, சிவப்பும் ஏறாது. பறிப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பையைக் கழற்றினால் பழம் தாள் மாதிரி வெளுத்து நிற்கும். அதன் மேல் வெயில் பட்டதும் கிடுகிடுவென்று சிவக்கும். வெளுத்ததை விட்டுவிட்டுச் சிவந்ததைப் பறிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொக்கு ஒரு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் சிவந்தது அத்தனையும் கூடையில் இருக்கும். ஒன்று தப்பாது.

கல்யாணமான வருஷம் இலை உதிரும் பருவத்தில் ஒரு நாள் காலை, குழாயடியில் குடம் நிறையக் காத்திருந்தபோது, எதிர்மேட்டில் ரோட்டோர மரங்கள் நிறம் மாறியிருந்ததைத் தங்கை பார்த்தாள். ஒரு பக்கம் மஞ்சள். இன்னொரு பக்கம் பார்க்கவே கண் கூசுகிற சிவப்பு. பல் துலக்கிக்கொண்டு வந்தவரிடம் காட்டினாள்.

“அங்க பாருங்களேன், அந்தக் கோடி மரத்தை. தீப்பிடிச்ச மாதிரி இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மஞ்சள் மரங்களைக் காட்டி, இதுவா என்றார். இல்லை, அதற்கு அந்தப் பக்கம் என்றாள்.

“அது இன்னும் பச்சையாத்தானே இருக்கு?”

தங்கை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த நுரையை அவசரமாகத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். குடம் நிறைந்து வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவள்தான் குழாயை மூடினாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். பச்சைத் துண்டை எடுத்து வரச் சொன்னால் சிவப்புத் துண்டு வந்தது. தக்காளி வாங்கி வந்தால் பாதி காயாக இருந்தது. மஞ்சளும் நீலமும் ஒருபோதும் தவறவில்லை. விஷயம் புரிந்துவிட்டது. நேரே மாமியாரிடம் போய், உங்களுக்குத் தெரியுமா அத்தை என்று கேட்டாள். மாமியார் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. தெரியாமல் என்ன, அவளுடைய கூடப் பிறந்த தம்பிக்கும் அப்படித்தானாம். நூல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சிவப்பு நூல் கேட்டவருக்கெல்லாம் பச்சைக் கண்டை எடுத்துக் கொடுத்து, ஒரே வாரத்தில் வீடு வந்து சேர்ந்தவன். அது தாய்வழியில் வருகிற சங்கதி. பெண்கள் சுமந்து வருவார்கள், பையன்களிடம் வெளியே தெரியும்.

“கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை.”

“நீ குறட்டை விடுவேன்னு உங்க அக்கா சொன்னாளா?”

தங்கை உட்கார்ந்து மீதி பீன்ஸை நறுக்கினாள். வெளியே யாருக்கும் சொல்வதில்லை என்று மூன்று பேருக்கும் பேசாமலே ஒரு முடிவானது. பறிக்கிற ஆளுக்குச் சிவப்பு தெரியாது என்றால் ஊர் சிரிக்கும். சிரிப்பதோடு நின்றால் பரவாயில்லை, வேலையும் போகும்.

இப்படிப் பையின் புண்ணியத்தில் சில வருஷம் ஓடியது. வெளுத்த பழத்துக்கும் சிவந்த பழத்துக்கும் வித்தியாசம் காண நிறம் தெரிய வேண்டியதில்லை. ஒன்று வெளிர், ஒன்று அடர்ந்த நிறம். கொக்கு அதை வைத்துத்தான் பேர் வாங்கியிருந்தார்.

தோட்டம் ஒரு விதவை அம்மாவுடையது. முதலாளியம்மா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் கிளை நறுக்கும் கவாத்துக் கத்திரியோடுதான் நடப்பாள். வேறு தோட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவள், இனிமேல் பை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பை கட்டும் ஆட்களுக்கு மாளவில்லை, பையில் வளர்ந்த பழத்தில் ருசியும் மட்டு. அன்றைக்கு எல்லோரையும் மரத்தடியில் நிற்க வைத்துக் காரணம் சொன்னாள். தோலில் பச்சை மேலே இருக்கிறது. மஞ்சள் முதலிலிருந்தே அடியில் இருக்கிறது. பச்சை விலகினால் அது தன்னால் தெரியும். உதிர்கிற இலையிலும் இதே கதைதான். சிவப்பு மட்டும் கடைசியில் புதிதாக ஊறி வருவது. அதற்கு நேர் வெயில் வேண்டும், ராத்திரிக் குளிரும் வேண்டும். ஆகையால் பழத்தை மறைக்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், பழத்தை லேசாகத் திருப்பிவிட வேண்டும், மரத்தடியில் வெள்ளித்தாள் விரித்து அடிப்பக்கத்துக்கும் வெளிச்சம் காட்ட வேண்டும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருந்த தங்கை மட்டும் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இனிமேல் காய் பச்சையாக நிற்கும், பச்சையிலிருந்து சிவக்கும். அவள் புருஷனுக்கு அது இரண்டும் ஒன்று.

அவள்தான் வழி கண்டுபிடித்தாள். இலை கிள்ளுவது பெண்கள் வேலை, பறிப்பதற்கு முன்னால் நடப்பது. கொக்கு பறிக்கும் வரிசையைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பழத்தைச் சுற்றி இலைகளை எல்லாம் கிள்ளுவாள். ஆனால் சிவக்காத பழத்துக்குக் காம்போடு ஒட்டி ஒரே ஒரு இலையை விட்டுவிடுவாள். சிவந்த பிறகு வந்து அந்த இலையையும் எடுத்துவிடுவாள். கொக்கு கையை விட்டுக் காம்பைத் தடவிப் பார்ப்பார். இலை இருந்தால் விட்டுவிடுவார், இல்லாவிட்டால் பறித்துவிடுவார். ஒற்றை இலைதானே, யார் கண்ணிலும் உறுத்தவில்லை. புருஷன் பறிப்புக்குப் போகும் முன்பு பெண்சாதி போய் மரத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வருகிறாள் என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். அத்தான் ஒரு படி மேலே போய், “சகலை, உங்களுக்குச் சோறும் ஊட்டி விடுறாளா?” என்று கேட்டார். கொக்கு, மத்தியானம் மட்டும் தானே சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

இதற்கிடையில் ஒரு மகன் பிறந்தான். அறையில் இன்னொரு திரை போட ஐந்தடி இடம்கூட இல்லை. அந்தச் சமயத்தில் தோட்டத்து மேஸ்திரி வயதாகி, மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். மேஸ்திரி வேலைக்கு வருகிறவருக்குத் தோட்டத்துக் கேட்டருகில் இருக்கும் வீடும் சேர்ந்து வரும். இரண்டு அறை, தனியாக அடுப்படி, உள்ளேயே குழாய். முதலாளியம்மாவின் மனதில் இரண்டு பேர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கொக்கு, இன்னொருவர் அத்தான். அந்தப் பறிப்பு முடிந்ததும் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். அக்காவும் தங்கையும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். மற்றதெல்லாம் பேசுவார்கள். அந்த வீட்டைத் தாண்டி நடக்கும்போது மட்டும் இரண்டு பேரும் ரோட்டின் அந்தப் பக்கம் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் பறிப்புக் காலத்தில் மேகம் மூடிக்கொண்டது. வெயில் இல்லாமல் பழம் சிவக்க மறுத்தது. கொட்டகையில் பிரிக்கப் பழம் வராததால் அங்கிருந்த பெண்களையும் இலை கிள்ள அனுப்பினார்கள். இன்னும் நிறைய இலையை எடுங்கள், இருக்கிற வெளிச்சமாவது பழத்தில் படட்டும் என்பது முதலாளியம்மா உத்தரவு. அன்று மத்தியானம் மகனுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டது. தங்கை வரிசையைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கேயே படுக்க வைத்துக்கொண்டார்கள். கொக்கு வேலை முடிந்து வந்து கட்டிலோரமாக உட்கார்ந்தார். குழந்தையைத் தவிர வேறு எதுவும் இரண்டு பேருக்கும் ஞாபகத்தில் இல்லை.

தங்கையின் வரிசை பாதியில் நிற்பதை அக்கா பார்த்தாள். பாவம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அவள் வேலை நின்று போனால் பேச்சு வாங்குவாள் என்று நினைத்துத் தானே அந்த வரிசையில் இறங்கினாள். அக்கா எதிலும் துப்புரவு. காம்பை ஒட்டி ஒரு இலை இருந்தால், கவனக்குறைவாக விட்டிருக்கிறாள் என்று அதையும் கிள்ளிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் வரிசை முழுக்க மொட்டையாக நின்றது.

மறுநாள் காலையில் கொக்கு வந்தார். முதல் மரத்தில் கையை விட்டார், இலை இல்லை. இரண்டாவது, மூன்றாவது மரத்திலும் இல்லை. தங்கை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடித்துவிட்டாள், பழமும் ஒன்றாகச் சிவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிய சந்தோஷம் வேறு. சீக்கிரம் முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வரிசை முழுவதையும் வழித்துப் பறித்துப் பெட்டிகளில் நிரப்பிவிட்டார். அந்தப் பறிப்பில் வரிசை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு அத்தானுடையது. அவர் தோட்டத்தின் மறுகோடியில் இருந்தார்.

கொட்டகையில் முதல் பெட்டியைக் கவிழ்த்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை. மரத்தில் நிற்கும்போது இன்னும் கொஞ்ச நாளில் சிவந்திருக்கும். பறித்த பிறகு பெட்டிக்குள் கிடந்து எங்கே சிவப்பது? சாறு பிழிய அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. முதலாளியம்மா வந்து பார்த்தாள். கத்தவில்லை. அத்தானைக் கூப்பிட்டு, இந்த வரிசையை முழுசாகப் பறிக்கச் சொன்னது யார் என்று கேட்டாள். அத்தான், தான் சொல்லவில்லை என்றார். அவள் நம்பவில்லை.

“நீ சொல்லாம கொக்கு பச்சையைப் பறிக்கிற ஆளா?”

கொக்கு அங்கேதான் நின்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் குனிந்து ஒரு காலிப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா போய்விட்டாள்.

அன்று மத்தியானம் குழந்தையோடு தங்கை வீடு திரும்பினாள். அக்கா பின்னாலேயே வந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். “உன் வரிசையை நான்தான் முடிச்சேன். ஒரு இலை விடாம வழிச்சு விட்டேன், இவ்வளவு நல்லாப் பண்ணியும் இப்படி ஆயிடுச்சே. எங்க வீட்டுக்காரர் சத்தியமா அப்படிச் சொல்லலைங்கிறார். தம்பி ஏன்டி வாயைத் திறக்கல?” தங்கைக்குக் கேட்ட மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. குழந்தைக்குப் போர்த்தியிருந்த துணியைச் சரி செய்தாள். இன்னொரு முறை சரி செய்தாள். தெரியவில்லை அக்கா என்றாள்.

அக்கா போன பிறகு புருஷனைக் குழாயடிக்குக் கூப்பிட்டாள். உள்ளே மாமியார் விழித்திருந்தாள். தங்கை நினைத்ததை ஒளிக்காமல் சொன்னாள். இப்போது அத்தான் பேர் கெட்டுவிட்டது. அவருக்கு மேஸ்திரி வேலை கிடைக்காது, மிஞ்சிப் போனால் வரிசை பிரிக்கும் பொறுப்பும் போகும், வேறு நஷ்டமில்லை. வேலையும் வீடும் தானாக இவர்களுக்கு வந்துவிடும். மேஸ்திரிக்குப் பறிக்கிற வேலை இல்லை, மேற்பார்வைதான். பார்க்க வேண்டியதை அவள் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.”

கொக்கு குழாயைத் திறந்து கையைக் கழுவினார். அழுக்கே இல்லாத கையை வெகு நேரம் கழுவினார்.

“அவரு என்னை நாலு பேர் முன்னாடி நல்லவன்னு சொன்ன ஆளு,” என்றார்.

“நமக்கும் ஒரு பிள்ளை இருக்கு.”

அவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போனார். தங்கை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

காலையில் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். தங்கையும் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். முதலாளியம்மா அத்தானைப் பார்த்து வாயைத் திறக்கும் முன்பே கொக்கு முன்னால் வந்தார்.

“அண்ணன் ஒண்ணும் சொல்லலம்மா. நானாத்தான் பறிச்சேன். எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியும்.”

சிலர் சிரித்தார்கள். முதலாளியம்மா பெட்டியிலிருந்து இரண்டு பழங்களை எடுத்து அவர் முன் நீட்டினாள். ஒன்று நல்ல சிவப்பு, ஒன்று பச்சை. அவர் இரண்டையும் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். அதோடு சிரிப்பு நின்றது. இத்தனை வருஷம் எப்படி என்று அவள் கேட்டாள். பை இருந்தவரைக்கும் தெரிந்தது, பிறகு இவள் பார்த்துக்கொண்டாள் என்று சொல்லித் தங்கையைக் காட்டி, காம்பில் விட்ட இலையைப் பற்றியும் சொன்னார். அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள்.

முதலாளியம்மா கெட்டவள் இல்லை, ஆனால் தோட்டம் நடத்துகிறவள். பறிப்பிலிருந்து கொக்கை எடுத்துவிட்டாள். இலை உதிர்ந்த பிறகு கவாத்து வெட்டுவதற்கும், மற்ற நாட்களில் மருந்தடிப்பதற்கும் மாற்றினாள். மொட்டை மரத்தில் எது பூ விடும் மொட்டு, எது இலை விடும் மொட்டு என்று பருமனை வைத்தே தெரியும், நிறம் வேண்டாம். அத்தான் மேஸ்திரி ஆனார். கேட்டருகில் இருந்த வீட்டுக்கு அக்கா குடி போனாள். அன்று சாமான் தூக்கக் கொக்கு போனார். தங்கை போகவில்லை. புருஷனோடு அவள் பேசியது சாப்பாடு, தண்ணீர், பிள்ளை, இவ்வளவுதான். அது ரொம்ப நாள் நீடித்தது. ஜன்னலிலிருந்து அந்த வீட்டுக் கூரை தெரியும் என்பதால் அந்த ஜன்னலைத் திறக்காமலே சமைத்தாள். புகை தாங்காமல் மாமியார்தான் ஒரு நாள் எழுந்து வந்து திறந்துவிட்டாள்.

அக்கா பேச்சை நிறுத்தியது வேறு காரணத்துக்கு. புது வீட்டுக்குப் போகும் முன்பு ஒரு முறை வாசலோடு நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

“வீடு வேணும்னு கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேன்டி. அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்து போர்வையை இழுத்து விட்டுக்கிட்டு இருந்தே பாரு, அதான்.”

விட்டுக் கொடுத்திருப்பாளா என்பது சந்தேகம். ஆனாலும் போர்வையை இழுத்துவிட்டது நிஜம்.

அது இப்படியே கிடந்திருக்கும். இரண்டு குளிர்காலம் கழித்து கேட்டருகு வீட்டுக் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. மேஸ்திரி வீட்டம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு பொதுக்குழாய்க்கு வந்து வரிசையில் நின்றாள். முன்னால் தங்கை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குடத்தைப் பார்த்தார்கள். “தள்ளுடி, எனக்கு அடுப்புல இருக்கு,” என்றாள் அக்கா. தங்கை தள்ளினாள். குழாய் சரியான பிறகும் அக்கா சில நாள் அங்கேயே வந்து தண்ணீர் பிடித்தாள்.

பிறகு கொக்குக்கு ஒரு மகளும் பிறந்தாள். மகனுக்கு நிறமெல்லாம் சுத்தமாகத் தெரியும். அப்பா வழியில் மகனுக்கு அது வராது என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். மகள் வயிற்றுப் பேரன்கள் இரண்டு பேர். மூத்தவன் பள்ளிக்கூடத்தில் புல்லுக்குச் சிவப்பு அடித்துவிட்டு வந்தபோது மகள் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள். தங்கை அன்றைக்கே மகளின் மாமியாரிடமும் டீச்சரிடமும் அவளையே சொல்லிவிட வைத்தாள். ஒளித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் விளக்கவில்லை.

மாமியாரும் முதலாளியம்மாவும் இப்போது இல்லை. அத்தான் ஓய்வு பெற்று, கேட்டருகு வீடு வேறு ஒருத்தருக்குப் போய்விட்டது. கொக்குக்கு முழங்கால் தேய்ந்து மரம் ஏற முடிவதில்லை. அதே ஒற்றை அறையில்தான், பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தங்கையோடு இருக்கிறார். காலையில் கொட்டகைக்குப் போய்ப் பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்.